கணக்கில் வராதவர்கள்

முதல் நாள் என் கையில் கொடுத்தது ஓர் இரும்புக் கருவி. பழைய ரயில் பரிசோதகர் டிக்கெட்டில் ஓட்டை போடுவாரே, அந்த மாதிரி. வாக்குச்சீட்டைக் கிழித்து, இதற்குள் நுழைத்து, ஓர் அழுத்து அழுத்த வேண்டும். சின்னச் சின்ன ஓட்டைகளாக ஒரு முத்திரை விழும். அது என்ன வடிவம் என்பது தேர்தல் நாள் வரை வெளியே தெரியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறும்.

“இதை அழுத்த மறந்துட்டீங்கன்னா அவங்க போட்டது ஓட்டே இல்ல. எண்ணும் இடத்துல தள்ளிடுவாங்க. அது அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது” என்றார் பிரிசைடிங் ஆபீசர். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். ஊரின் ரயில் பட்டறையில் வேலை பார்த்து, 1986இல் பட்டறையை மூடியபோது வெளியே வந்தவர்.

2000ஆம் ஆண்டு, மே 4, வியாழக்கிழமை. இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் மே மாதத்தின் முதல் வியாழனில்தான் நடக்கும். ஊர் ஸ்விண்டன். லண்டனிலிருந்து மேற்கே ரயிலில் ஒரு மணி நேரம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறையால் வளர்ந்த ஊர். பிறகு ஹோண்டா கார் தொழிற்சாலை வந்தது, 2021இல் அதுவும் மூடிவிட்டது. என் கணவரின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தோம். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். தேர்தல் அன்று நகர மன்றம் எங்களைப் போன்றவர்களைத்தான் ஒரு நாள் வேலைக்கு எடுக்கும்: பள்ளி எழுத்தர்கள், நூலகப் பணியாளர்கள், ஓய்வு பெற்றவர்கள். அப்படிப் போனவள் 2024 மே வரை தொடர்ந்து போனேன். முதலில் போலிங் கிளார்க், பிறகு பிரிசைடிங் ஆபீசர், பல இரவுகளில் எண்ணும் மேசையிலும்.

என் அப்பா கும்பகோணம் பக்கத்தில் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் ஜமுக்காளம், தலையணை, டார்ச் லைட், அவல் பொட்டலம் எல்லாம் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துக்கு டியூட்டி போவார். திரும்பி வரும்போது அவர் விரல்களில் வயலட் மை படிந்திருக்கும். அந்த நினைப்பில் நான் மேசையில் மைக்குப்பியைத் தேடினேன். இல்லை. அடையாள அட்டை கேட்பதும் இல்லை. வருபவர் பெயரையும் முகவரியையும் சொல்வார், நாங்கள் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராகக் கோடு போடுவோம், சீட்டைக் கொடுப்போம். அவ்வளவுதான்.

“கள்ள ஓட்டு போட மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“இந்தத் தெருக்கள்ல யார் யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். போட வர்றவனுக்கும் எனக்குத் தெரியும்னு தெரியும்” என்றார் அவர்.

அந்தப் பதில் எனக்கு அன்று போதவில்லை. இருபது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்த பிறகு, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தது.

எங்கள் சாவடி ஒரு தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். தேர்தலுக்காகப் பள்ளிக்கு அன்று விடுமுறை. சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த டைனோசர்கள். அப்போதெல்லாம் உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்குப்பதிவு காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது வரை. 2007இலிருந்து காலை ஏழு முதல் இரவு பத்து. நாங்கள் அதற்கு முக்கால் மணி முன்னால் போய்விட வேண்டும். பெட்டி காலி என்று அங்கே இருப்பவர்களுக்குத் திறந்து காட்டி, பிறகு முத்திரையிட வேண்டும். பிரிசைடிங் ஆபீசர் நாள் முழுவதும் சாவடியை விட்டு வெளியே போகக் கூடாது. நான் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போவேன். முதல் வருடமே அவர் என் எலுமிச்சை சாதத்தில் பங்கு கேட்டார். மறு வருடத்திலிருந்து இரண்டு டப்பா.

வாசலுக்கு வெளியே மூன்று நாற்காலிகள். தொழிற்கட்சி, கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் என்று கட்சிக்கு ஒருவர், நெஞ்சில் சிவப்பு, நீலம், மஞ்சள் ரிப்பன் பூ குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு டெல்லர் என்று பெயர். ஓட்டுப் போட வருபவரிடம் பட்டியல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். தங்கள் ஆதரவாளர்களில் இன்னும் வராதவர் யார் என்று கண்டுபிடித்து மாலையில் கதவைத் தட்டுவதற்காக இந்தக் குறிப்பு. எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மழை வந்தால் மூன்று பேரும் ஒரே குடைக்கு அடியில் நகர்ந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் அடுத்த கட்சிக்காரர் இவருக்கும் சேர்த்து எண் எழுதிவைப்பார். ஒலிபெருக்கி கிடையாது, சுவரெழுத்து கிடையாது. வீட்டு ஜன்னலில் ஒரு தாள், தோட்டத்தில் ஒரு பலகை, கதவு இடுக்கு வழியாக விழும் துண்டறிக்கைகள். அவற்றில் எழுதியிருப்பதும் சாலைப் பள்ளம், குப்பைத் தொட்டி எடுக்கும் நாள், பேருந்து நேரம் இவைதான். 2014 முதல் சில வருடங்களுக்கு ஒரு கவுன்சில் வேட்பாளர் செலவு செய்யக்கூடிய மொத்தத் தொகை 740 பவுண்டு, அதோடு வார்டு வாக்காளர் ஒருவருக்கு 6 பென்ஸ். டெபாசிட் கட்ட வேண்டியதே இல்லை. சட்டை இஸ்திரி போடாத சாதாரண மனிதர்கள் நிற்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

இரவு கதவை மூடியதும் பெரியவர் ஒரு தாளை எடுத்தார். வாக்குச்சீட்டுக் கணக்கு. காலையில் நமக்குக் கொடுத்த சீட்டு எத்தனை, பெட்டிக்குள் போயிருக்க வேண்டியது எத்தனை, கெட்டுப்போனதாகத் திருப்பித் தந்து மாற்றிக்கொண்டவை எத்தனை, மீதி எத்தனை. எல்லாம் கூட்டினால் காலை எண் வர வேண்டும். எண்ணும் இடத்தில் பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்வது, யாருக்கு எத்தனை ஓட்டு என்று பார்ப்பதல்ல. இந்தத் தாளோடு பெட்டியில் உள்ள சீட்டுகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதுதான். அன்று எங்களுக்கு ஒன்று குறைந்தது. மூன்று முறை எண்ணினோம். இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கிடைத்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். “கணக்கு ஒத்துவராம பெட்டிய ஒப்படைச்சா அன்னிக்குத் தூக்கம் வராதும்மா” என்பார் அப்பா.

இந்த வேலையின் முதல் பாடம் அது: தேர்தல் என்பது கணக்கு. இரண்டாவது பாடத்தைக் கற்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

2006இல் முதல்முறையாக நான் பிரிசைடிங் ஆபீசர். மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு பெண், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தார். பெயரைச் சொன்னார். பட்டியலில் அந்தப் பெயருக்கு முன்னால் ‘ஏ’ என்ற எழுத்து. அஞ்சல் ஓட்டு வாங்கியவர் என்று அர்த்தம். அவருக்குச் சாவடியில் சீட்டுக் கொடுக்க முடியாது. அப்படியே சொன்னேன். “ஓ, அந்தக் கவரா? சமையலறையில எங்கேயோ கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கவரைப் பூர்த்தி செய்து இரவு மூடுவதற்குள் இங்கேயே கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. நான் சொல்லவில்லை. வாசலுக்கு ஓடினேன், தெருவில் யாரும் இல்லை. இரவு வரை எதிர்பார்த்தேன். வரவில்லை.

அன்று இரவு என் கணக்குத் தாள் ஒரே முயற்சியில் ஒத்துவந்தது. ஒரு சீட்டுகூடக் குறைவில்லை. ஆனால் அந்தப் பெண் அந்தத் தாளில் எங்கும் இல்லை. வந்து, ஓட்டுப் போடாமல் திரும்பியவருக்கு அதில் கட்டமே கிடையாது. அந்த வார்டில் யார் எத்தனை ஓட்டில் ஜெயித்தார்கள் என்பதுகூட எனக்கு இப்போது மறந்துவிட்டது. அந்தத் தள்ளுவண்டி மறக்கவில்லை. அதற்குப் பிறகு என் சாவடியில் யாருக்கும் “முடியாது” என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தேன். ‘முடியாது’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஆனால் இப்படிச் செய்யலாம்’ என்பது இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.

அஞ்சல் ஓட்டின் மேல் அப்போது ஊருக்கெல்லாம் சந்தேகம். 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காரணம் சொல்லாமலே யார் வேண்டுமானாலும் அஞ்சல் ஓட்டுக் கேட்கலாம் என்று ஆனது. 2004இல் பர்மிங்காமில் இரண்டு வார்டுகளில் பெரிய அளவில் அஞ்சல் ஓட்டு மோசடி நடந்தது என்று மறு வருடம் தேர்தல் நீதிபதி ரிச்சர்ட் மாரி தீர்ப்பளித்து, அந்தத் தேர்தல்களையே ரத்து செய்தார். அது எங்கள் ஊர் அல்ல. ஆனாலும் எங்கள் மேசைக்கு வந்த வயதானவர்கள் அதைப் பற்றிக் கேட்டார்கள். 2007 முதல் அஞ்சல் ஓட்டுக்குக் கையெழுத்தும் பிறந்த தேதியும் கட்டாயம். முன்பே கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2014இல் வீட்டுத் தலைவரே எல்லோர் பெயரையும் எழுதி அனுப்பும் முறை போய், ஒவ்வொருவரும் தானே பதிவு செய்யும் முறை வந்தது. இரண்டும் நல்ல மாற்றங்கள். மோசடி எங்கே நடந்ததோ அங்கே போட்ட பூட்டுகள் அவை.

முத்திரை குத்தும் இரும்புக் கருவியும் 2007இல் போயிற்று. முத்திரையைச் சீட்டிலேயே அச்சிட்டுவிட்டார்கள். நான் மறந்து ஒருவருடைய ஓட்டு வீணாகுமோ என்ற பயம் அன்றோடு தீர்ந்தது. ஒரு கருவியை ஒழித்ததால் தேர்தல் நியாயமானது என்றால் அது இதுதான்.

அதே வருடம் எங்கள் சாவடிக்கு மடிக்கணினிகள் வந்தன. ஸ்விண்டன் இந்த விஷயத்தில் முன்னோடி ஊர். 2002, 2003, 2007 என்று மூன்று முறை இணையத்திலும் தொலைபேசியிலும் ஓட்டுப் போடும் சோதனை இங்கே நடந்தது. எனக்கு அப்போது மிகவும் உற்சாகம். படி ஏற முடியாதவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் போடுவார்கள் என்று நம்பினேன். சிலருக்கு அது உண்மையிலேயே வசதியாகவும் இருந்தது. ஆனால் ஒரு முதியவர் திரையைத் தொட்டு முடித்துவிட்டு நகராமல் நின்றார். “என் ஓட்டு இப்ப எங்கே இருக்கு?” என்று கேட்டார்.

பெட்டி என்றால் விரலை நீட்டிக் காட்டியிருப்பேன். எண்ணும் கூடத்தில் அவருடைய கட்சிக்காரர் ஒருவர் அந்தச் சீட்டைத் தன் கண்ணாலேயே பார்ப்பார் என்று சொல்லியிருப்பேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கே தெரியாததை அவரிடம் நம்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பதிவாயிடுச்சுங்க” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார், சமாதானம் ஆகவில்லை. அந்த ஆண்டே தேர்தல் ஆணையம், வலுவான திட்டமும் பாதுகாப்பும் இல்லாமல் இந்த மின்னணுச் சோதனைகளைத் தொடர வேண்டாம் என்று சொன்னது. அதோடு அவை நின்றுபோயின. இன்றும் இங்கே தாளும் பென்சிலும்தான். பிடித்த வேட்பாளருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. பென்சிலை அழித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களிடம் சொந்தப் பேனா கொண்டுவரலாம் என்று சொல்வேன். எப்போதும் கொண்டுவரலாம்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும், முக்கியமாக வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களிடமிருந்து. “சீட்டுக்குப் பின்னால எண் இருக்கே? என் பேருக்கு நேரா அந்த எண் வர்ற மாதிரி ஏதோ எழுதுறீங்களே? அப்ப நான் யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சுடுமே?” பயந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். சும்மா “தெரியாது” என்று சொல்லி அனுப்பினால் பொய். உள்ளதைச் சொல்வேன். எண்ணும் உண்டு, பட்டியலும் உண்டு. கள்ள ஓட்டு வழக்கு வந்தால் கண்டுபிடிப்பதற்காக. இரண்டும் தனித்தனியாக முத்திரையிட்டுப் போகும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் பிரிக்க முடியாது. ஒரு வருடம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். இதை முழுதாகச் சொன்ன பிறகு சீட்டை வாங்காமல் போனவர் ஒருவரும் இல்லை.

இரகசிய வாக்கு இந்த நாட்டுக்கு வந்தது 1872ஆம் ஆண்டுச் சட்டத்தால். அந்த ஆகஸ்டில் பொன்டிஃபிராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில்தான் முதல் இரகசிய வாக்குப்பதிவு. அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போன அந்த ஊரில், மிட்டாயில் குத்தும் அச்சைக் கொண்டே பெட்டிக்கு முத்திரை வைத்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இரகசியம் காப்பது தினசரி வேலைதான். ஒரு முறை ஒருவர் மனைவியின் பின்னாலேயே மறைப்புக்குள் போனார். நிறுத்தினேன். “அவளுக்கு இங்கிலீஷ் வராது” என்றார். “அதுக்குத்தான் நான் இருக்கேன்” என்றேன். அந்த அம்மாவிடம் வேட்பாளர் பெயர்களையும் கட்சிச் சின்னங்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். பிறகு அவர் தனியாக உள்ளே போய் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து சீட்டை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, கணவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். 2023இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, ஒருவர் ஓட்டுப் போடும்போது கூட நின்று வழிநடத்துவது குற்றம் என்று ஆகிவிட்டது. எங்கள் மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் அது ரொம்ப நாளாகத் தேவைப்பட்டது.

எண்ணும் இரவுகளில் 2012ஐ மறக்க முடியாது. அப்போதெல்லாம் வழக்கமாக எங்கள் மன்றத்தில் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத்தான் தேர்தல். அந்த வருடம் வார்டு எல்லைகளை மாற்றி வரைந்ததால் 57 இடங்களுக்கும் சேர்த்து. பெரும்பாலான வார்டுகளில் ஒருவருக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் ஒரே கட்சிக்குப் போட்டவர்கள் ஒரு பக்கம். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என்று கலந்து போட்டவர்கள் இன்னொரு பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காக ஒருவருக்கு, நூலகத்தை மூடவிடாமல் நின்றதற்காக இன்னொருவருக்கு. இந்தக் கலந்த சீட்டுகளை எண்ண, ஒரு பெரிய தாளில் அவற்றை வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் ஒட்டுவோம். பார்க்கப் புல்லால் செய்த பாவாடை மாதிரி இருக்கும். அதற்கு இங்கே பெயரே ‘கிராஸ் ஸ்கர்ட்’தான். வரிசையில் கண்ணை ஓட்டிக் குறிகளைப் பெயர் பெயராகக் கூட்ட வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் வேட்பாளர்களும் ஏஜென்டுகளும் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்க வேண்டும். தோற்றவர் ஒத்துக்கொள்வதற்காகத்தான் இவ்வளவும். ஜெயித்தவருக்கு நிரூபணம் எதற்கு?

பெருக்கல் குறிக்குப் பதில் டிக் போட்டவர், ஒரு பெயருக்கு நேரே சிரிக்கும் முகம் வரைந்தவர், ‘இவருக்கே’ என்று எழுதியவர் எல்லோருடைய சீட்டும் தனியாக எடுத்து வைக்கப்படும். யாருக்குப் போட நினைத்தார் என்பது தெளிவாகத் தெரிந்தால், அவர் யார் என்று காட்டும்படி எதுவும் எழுதாமலும் இருந்தால், ஓட்டுச் செல்லும். மனிதரின் எண்ணத்தைத் தேடிப் போகும் இந்த விதி எனக்குப் பிடித்த விதி. ஒரே ஒரு சீட்டு என்ன செய்யும் என்று கேட்பவர்களிடம் 2017இல் நார்தம்பர்லாந்து கவுன்ட்டியில் நடந்ததைச் சொல்வேன். சவுத் பிளைத் வார்டில் இரண்டு பேருக்கும் சரியாக 356 ஓட்டு. சட்டப்படி குலுக்கல்தான். குச்சி எடுத்தார்கள். நீளக் குச்சி எடுத்த லிபரல் டெமாக்ரட் ஜெயித்தார். அந்த ஓர் இடம் போனதால் கன்சர்வேடிவ் கட்சிக்கு அந்த மன்றத்தில் பெரும்பான்மையும் போயிற்று. அன்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஒருவர் வந்திருந்தால் குச்சிக்கு வேலை இருந்திருக்காது. உள்ளாட்சித் தேர்தலில் பொதுவாகப் பத்தில் மூன்று, நான்கு பேர்தான் வருகிறார்கள்.

2020இல் கொரோனாவால் தேர்தல் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. 2021 மே மாதம் பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பென்சிலை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னோம். அதே நாளில் எங்கள் வில்ட்ஷர் பகுதிக்குப் போலீஸ் ஆணையர் தேர்தலும் நடந்தது. ஜெயித்தவருக்குப் பழைய குற்றத் தண்டனை ஒன்று இருந்ததால் பதவியேற்க முடியாது என்று எண்ணிக்கை நேரத்தில் தெரியவந்தது. ஆகஸ்ட் 19 அன்று மறுபடி தேர்தல். பள்ளி விடுமுறைக் காலம். மணிக்கு இரண்டு, மூன்று பேர் வந்தார்கள். அன்றும் பெட்டியைத் திறந்து காட்டி முத்திரை வைத்தோம், அன்றும் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்தோம். வருபவர் மூன்று பேர் என்றாலும் கதவு திறந்திருக்க வேண்டும்.

கடைசியாக வந்த பெரிய மாற்றம் அடையாள அட்டை. 2018இல் ஐந்து ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்விண்டன் அதில் ஒன்று. எங்கள் ஊரில் வீட்டுக்கு வரும் போல் கார்டில், அதாவது நம்மூர் பூத் சிலிப் போன்ற அட்டையில், ஒரு குறியீட்டை அச்சிட்டு அதை நாங்கள் ஸ்கேன் செய்தோம். அட்டை இல்லாதவர் வேறு சான்று காட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்து முழுவதும் புகைப்பட அடையாளம் கட்டாயம் ஆயிற்று. அதே தேர்தலில்தான் தொழிற்கட்சி ஏறத்தாழ இருபது வருடத்துக்குப் பிறகு எங்கள் மன்றத்தைக் கைப்பற்றியது. பத்திரிகைகளுக்கு அதுதான் செய்தி. எங்களுக்கு அட்டைதான் செய்தி.

அந்த விதியை நான் வெறுக்கவில்லை. விரலில் மை வைக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். முகமூடி அல்லது முகத்திரை அணிந்த பெண்களுக்குத் தனி மறைப்பு, கண்ணாடி எல்லாம் கொடுத்தார்கள். அவர்களைக் கௌரவமாக நடத்த முடிந்தது. ஆனால் முதியவரின் இலவசப் பேருந்து அட்டை செல்லும், கல்லூரி மாணவரின் அட்டை செல்லாது என்பதை ஒரு பத்தொன்பது வயதுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். என்னால் அதற்கு நியாயம் சொல்ல முடியவில்லை. அவன் சைக்கிளில் போய்ப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்தான்.

இரவு ஒன்பதே முக்காலுக்கு வந்த பெண் திரும்பி வரவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து நேரே வந்திருந்தார், சீருடையோடு. நெஞ்சில் படம் போட்ட வேலை அட்டை தொங்கியது. அது செல்லாது. வீடு தூரம். பத்து மணிக்குள் வரிசையில் வந்து நின்றால்கூடப் போதும், சீட்டுக் கிடைக்கும் என்று சொன்னேன். 2010 பொதுத்தேர்தலில் பல ஊர்களில் வரிசையில் நின்றவர்கள் முகத்தில் கதவு மூடப்பட்ட பிறகு மாற்றிய விதி அது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பரவாயில்ல, அடுத்த தடவை” என்றார். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னது போலிருந்தது.

2006இலிருந்து ஒன்று மாறியிருந்தது. அட்டை இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களை இந்த முறை நாங்கள் ஒரு படிவத்தில் குறித்தோம். அந்தப் பெண்ணை என் கையாலேயே குறித்தேன். 2023 மே தேர்தலில் குறைந்தது 14,000 பேர் அப்படித் திரும்பினார்கள் என்று தேர்தல் ஆணையம் பின்னர் சொன்னது. சாவடியில் ஓட்டுப் போட்டவர்களோடு ஒப்பிட்டால் 0.25 சதவீதம். சிறிய எண் என்பார்கள். அந்த எண்ணில் ஒருவருடைய முகம் எனக்குத் தெரியும். மேசை வரை வராமல் வாசலில் இருந்த அறிவிப்பைப் படித்துவிட்டே போனவர்கள் இன்னும் எந்தத் தாளிலும் இல்லை.

2025 ஜூலையில் அரசாங்கம், வங்கி அட்டையையும் அடையாளமாக ஏற்கப் போவதாகவும் பதினாறு வயதிலேயே வாக்குரிமை தரப் போவதாகவும் அறிவித்தது. வங்கி அட்டை செல்லும் என்று இருந்திருந்தால் அந்தப் பெண் அன்று போட்டிருப்பார். அது யார் பையிலும் இருக்கும்.

இருபத்து நான்கு வருடத்தில் நான் கண்ட முடிவு இது. பெட்டிக்குள் போன சீட்டுக்குக் கணக்குக் காட்டுவது பாதி நேர்மைதான். ஓட்டுப் போட வந்த யாரும் போடாமல் திரும்பக் கூடாது என்பது மீதிப் பாதி. முதல் பாதிக்குப் பூட்டும் முத்திரையும் உண்டு. இரண்டாவது, மேசையில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார் என்பதில்தான் இருக்கிறது.

இந்த நாட்டில் வசிக்கும் தமிழர்களுக்கு ஒரு சொல். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் நாட்டவர்கள். பதினெட்டு வயது நிரம்பி, இங்கே தங்குவதற்கு அனுமதி இருந்தால், மாணவராக இருந்தாலும், இங்கிலாந்தின் எல்லாத் தேர்தல்களிலும் உங்களுக்கு ஓட்டு உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமைக்காகக் காத்திருக்க வேண்டாம். தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலை நாள் முன்பாகப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டே அடையாளமாகச் செல்லும். காலாவதியாகியிருந்தாலும் படத்தில் நீங்கள் என்று தெரிந்தால் போதும். எதுவும் இல்லாதவர்களுக்கு வாக்காளர் அடையாளச் சான்று இலவசமாகக் கிடைக்கும். தேர்தலுக்கு ஆறு வேலை நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். சாயங்காலம் வேலை முடிந்து வருவதாக இருந்தால், காலையில் கிளம்பும்போதே பாஸ்போர்ட்டைப் பையில் எடுத்து வையுங்கள்.